இரண்டு முறையிலும் ஒரே இடம்

சூளை லைனில் அப்பாசாமியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிராணி என்பார்கள், குமாஸ்தா என்று அர்த்தம். உண்மையில் அவர் கிராணி இல்லை. அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கணக்கு மெஷினின் கைப்பிடியைச் சுற்றுகிறவர். ஆனால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலையில் சைக்கிளில் மேசை வேலைக்குப் போகிற ஆள் அந்த லைனில் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் மூட்டை தூக்கினார்கள், வாய்க்கால் வாரினார்கள், மாட்டுவண்டி ஓட்டினார்கள். ஆகவே அவர் கிராணி. பாதி மரியாதை, பாதி கிண்டல்.

"கிராணிக்கு என்ன லா, சுத்துறதுக்குக் கைப்பிடி குடுத்து உக்கார நாற்காலியும் குடுத்திருக்கான் கவர்மெண்டு. நமக்குச் சாக்கடைதான்" என்பார்கள் வாய்க்கால் வாருகிறவர்கள். அவரும் சிரித்துக்கொண்டே பெடலை மிதிப்பார்.

மலாயாவில் புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு மட்டும் நன்றாக ஏறியது. ஜப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போன அவருடைய அப்பா திரும்பவில்லை. சண்டை முடிந்ததும் மலாக்கா டவுனுக்கு வந்து, தேநீர்க் கடையில் கிளாஸ் கழுவி, பிறகு ஆபீசில் பியூனாகச் சேர்ந்தார். மெஷின் சுற்றுகிறவர் நோயில் படுத்தபோது அந்த நாற்காலியில் இவரை உட்கார வைத்தார்கள். எழுப்ப மறந்துவிட்டார்கள் என்று மனைவி கமலவேணி சொல்வாள். சுதந்திரம் வந்த வருஷம் அந்த வேலையை நிரந்தரம் ஆக்கினார்கள்.

லைன் இருந்தது காஜா பேராங்கில். ரோட்டோரத்தில், பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறிய மலாக்காச் செட்டிகளின் வீடுகள், அவற்றின் வாசல்களில் மலாய்ப் பேச்சு. அவற்றைத் தாண்டிச் சந்துக்குள் இறங்கினால் ஒட்டினாற்போல வரிசை வீடுகள், அதுதான் சூளை லைன். ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம். சூளை போனது, பள்ளம் தங்கிவிட்டது. நடுவில் ஒரு கிணறு, பின்வரிசையில் வாளிக் கக்கூசுகள். வெயில் காலத்தில் இரண்டுக்கும் நடுவே தரை இருக்கும். மழைக்காலத்தில் இருக்காது.

லைனின் தலைமாட்டில், மேட்டில், மரியம் அம்மாளின் கல்வீடு. ஜவுளி வியாபாரி ஒருவரின் விதவை. அவருடைய வீட்டுக்கு நகரத்துக் குழாய்த் தண்ணீர் வந்தது. புருஷன் இறந்த வருஷம் அந்த அம்மாள் கொல்லைச் சுவருக்கு வெளியே ஒரு குழாயை நீட்டி வைத்தார். சுபுஹு தொழுகை முடிந்து வெளிச்சம் வந்ததும் திறப்பார். சூரியன் தென்னை உயரம் வந்ததும் மூடுவார். வீட்டுக்கு ஒரு வாளி, குடிக்க மட்டும். சமைக்கவும் கழுவவும் கிணறு. அந்த ஒரு வாளி தீர்ந்தால் குடிக்கவும் கிணறுதான்.

அப்பாசாமிக்கு ஒரே பெண், சீதா. மாப்பிள்ளைக்குப் பகாங்கில் மரம் வெட்டுகிற வேலை. காட்டுக் கொட்டகையில் பெண்ணை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அதனால் சீதா பெரும்பாலும் இங்கேயே இருந்தாள். முதல் பிள்ளை இந்த லைனில்தான் வயிற்றுப்போக்கில் போயிற்று. இப்போது மறுபடி முழுகாமல் இருந்தாள்.

அந்த வருஷம் ஆபீசுக்குப் புது அதிகாரி வந்தார். கணேசமூர்த்தி. சிலோன்கார வீட்டுப் பிள்ளை, லண்டனில் புள்ளியியல் படித்தவர். அதிராமல் பேசுவார், பியூனுக்குக்கூட வாரும் என்பார். நகரத்தையும் சுற்றியுள்ள கம்போங்குகள் என்ற கிராமங்களையும் குழுக்களாகப் பிரிக்கிற வேலையைக் கோலாலம்பூரிலிருந்து அவர் தலையில் கட்டியிருந்தார்கள். எந்த ஊரில் பிறந்த பிள்ளை பிழைக்கிறது, எங்கே வாசிக்கத் தெரிந்தவர்கள் அதிகம், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், குடிக்கிற தண்ணீர் எது — ஓர் இடத்தில் மனுஷர் எப்படி வாழ்கிறார் என்பதை இந்த நாலைந்து கேள்வியில் பிடிக்க வேண்டும். ஒரே மாதிரி இருக்கிற இடங்களை ஒரு குழுவாகக் கட்ட வேண்டும். கடைசிக் குழுவுக்கு முதலில் குழாய் போடப்படும்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அட்டை. இரண்டு இடங்களுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசம் என்பதை அப்பாசாமி மெஷினில் சுற்றி எடுத்துத் தர வேண்டும். சுற்றச் சுற்றத் தோள்பட்டை கழன்று விழும்போல இருந்தது. ஒருநாள் கேட்டுவிட்டார்.

"ஐயா, இத ஒரு தடவ சுத்துனா பத்தாதுங்களா? எதுக்கு ரெண்டு மாதிரி சேக்குறோம்?"

கணேசமூர்த்தி பேனாவை வைத்துவிட்டுத் திரும்பினார். "நல்ல கேள்வி. இது செடி கொடியை வகை பிரிக்கிற ஆக்களிட்டை இருந்து எடுத்த வேலை. ரெண்டு வழி இருக்கு. ஒரு கலியாண வீட்டுப் பந்தலை நினைச்சுப் பாரும். உள்ளை இருக்கிறதிலை ஒருத்தரையாவது தெரிஞ்சா வரலாம் எண்டால், அவரைத் தெரிஞ்சவர், இவரைத் தெரிஞ்சவர் எண்டு வால் மாதிரி நீண்டுகொண்டே போகும். கடைசியிலை மாப்பிள்ளைக்கே தெரியாத ஆள் சாப்பிட்டுக்கொண்டு இருப்பார். அது முதல் முறை."

"ரெண்டாவது?"

"உள்ளை இருக்கிறவரிலை உமக்கு ஆகப் பொருந்தாத ஆளோடையும் ஒத்துப்போனாத்தான் உமக்கு இலை. கூட்டம் சின்னதா, இறுக்கமா இருக்கும். ஆனா ஒரு சின்ன வித்தியாசத்துக்காக நல்ல ஆளை வாசலிலை நிப்பாட்டிப் போடும். ரெண்டிலையும் பிழை வரும். வேற வேற பிழை. அதாலை ரெண்டையும் செய்து பாப்பம். ரெண்டும் ஒரே இடத்திலை வைக்கிறதை நம்பலாம். எங்கை ரெண்டும் சண்டை பிடிக்குதோ, அங்கை ஆளை அனுப்பி நேரிலை பாப்பம்."

அப்பாசாமிக்கு அது நியாயமாகப் பட்டது. பந்தல் கணக்கு அவருக்குப் பிடித்தும் இருந்தது. தெங்கேராவின் கரையோரக் குடிசைகள் முதல் முறையில் வாலைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவோடு போய் உட்கார்ந்தன. இரண்டாவது முறையில் தனியாக விழுந்தன. "பாத்தீரே, சண்டை" என்று கணேசமூர்த்தி சுவரில் மாட்டியிருந்த ஊர்ப்படத்தில் சிவப்பு ஊசி குத்தினார். புக்கிட் பாருவில் ஒரு மூலைக்கும் அப்படித்தான். அங்கெல்லாம் ஆள் போனது.

சூளை லைனின் அட்டை கைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. அப்பாசாமி அவசரமில்லாமல் பார்த்தார். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். ஆஸ்பத்திரி சைக்கிள் தூரம். பிள்ளை சாவுக் கணக்கு லைனுக்கென்று தனியாக இல்லை. ரோட்டோரத்துக் கல்வீடுகளையும் சேர்த்துப் பேட்டை முழுவதற்கும் ஒரே கணக்கு, அது பார்வைக்கு நன்றாகவே இருந்தது. லைனைத் தனியாகக் காட்டக்கூடிய ஒரே விஷயம் தண்ணீர். தண்ணீர்க் கட்டத்தில் எழுதியிருந்தது: குழாய், எல்லா வீடும்.

சுற்றினார். முதல் முறையில் சூளை லைன் டவுனோடு சேர்ந்தது. இரண்டாவது முறையிலும் டவுனோடு சேர்ந்தது. சண்டையே இல்லை. கணேசமூர்த்தி பச்சை ஊசியைக் குத்திவிட்டு அடுத்த அட்டைக்குப் போனார்.

வீட்டுக்குப் போனதும் அப்பாசாமி சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"கணக்கெடுக்க வந்தவன்கிட்ட என்ன சொன்ன?"

கமலவேணி கருவாட்டை அலசிக்கொண்டிருந்தாள். "எந்தக் கணக்கு?"

"தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேட்டானே. பைப்புன்னு சொன்னியா?"

"ஆமா, சொன்னேன். எல்லாருந்தான் சொன்னோம்."

"பைப்பு எங்கடி இருக்கு நமக்கு?"

அவள் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். "அவன் வந்து நின்னது எங்கே தெரியுமா? அக்கா வீட்டுக் கொல்லச் செவுருகிட்ட. நாங்க வாளியோட வரிசையில நிக்கிறோம். மரியக்கா பைப்பத் தெறந்து விட்டுட்டுப் பக்கத்துலயே நிக்கிறாங்க. 'குடிக்கக் கொழாத் தண்ணி உண்டா'ன்னு கேக்கறான். அவுங்க மொகத்தப் பாத்துக்கிட்டு இல்லேன்னு சொல்லவா? வாளி ரொம்பிக்கிட்டு இருக்கு, வாயில இல்லேன்னு வருமா? நீங்க நின்னிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அப்பாசாமி யோசித்தார். உண்டு என்றுதான் சொல்லியிருப்பார். அது அவருக்கே தெரிந்தது. சட்டையைக் கழற்றப் போனார்.

மறுநாளே அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். ஒரு விஷயம் தடுத்தது. ஒரு வீட்டு மீட்டர்த் தண்ணீரை மற்ற வீடுகளுக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம். லைனில் எல்லோருக்கும் தெரியும், சந்தில் போகிற தபால்காரனுக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. குழாய் இல்லை என்று சொன்னால், பின்னே என்ன குடிக்கிறீர்கள் என்று ஆபீசில் கேட்பார்கள். சொல்லாவிட்டால் லைன் பச்சை ஊசியின் கீழே இருக்கும். அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் வரைக்கும் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் வாளி காலி. சீதா கிணற்றுத் தண்ணீரைச் சேந்தி, துணியில் வடிகட்டி, அண்ணாந்து குடித்தாள்.

"காய்ச்சிக் குடிக்கக் கூடாதா?" என்றார்.

"தாகம்பா. காய்ச்சி ஆற வரைக்கும் உள்ள இருக்கறது சும்மா இருக்குமா?" வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை அப்பாசாமி கணேசமூர்த்தியின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். நிற்கிற தோரணையைப் பார்த்து, லீவு கேட்க வந்திருக்கிறார் என்று அதிகாரி நினைத்தார்.

"ஐயா, சூளை லைன் அட்ட தப்புங்க. அங்க கொழா இல்ல."

"எல்லா வீடும் உண்டு எண்டெல்லே சொல்லியிருக்கினம்?"

"ஒரு அம்மா தர்மத்துக்குக் குடுக்குறாங்க. அவுங்க முன்னால இல்லேன்னு சொல்ல வாய் வரல. என் வீட்டுலயும் அப்படித்தான் சொல்லியிருக்கு. நான் அங்கதாங்க இருக்கேன்."

கணேசமூர்த்தி எழுந்து படத்தருகே போனார். பச்சை ஊசியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் முறையளைத்தான் ஒண்டோடொண்டு மோதவிட்டுப் பாத்தன். ரெண்டுக்கும் ஒரே பிழையான சோத்தைப் போட்டா ரெண்டும் ஒரே மாதிரித்தான் வளரும். சரி, திரும்ப ஆளை அனுப்பிக் கேப்பம்."

"அந்த அம்மா பேரு வரக்கூடாதுங்க ஐயா."

"வராது. நான் பொறுப்பு."

சொன்னபடியே பேர் வரவில்லை. ஆனால் மறுவிசாரணைத் தாளில் 'இப்போது தண்ணீர் எடுக்குமிடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. போனவன் நேர்மையானவன், 'லைன் முகப்பில் உள்ள தனி வீட்டுக் குழாய்' என்று எழுதினான். லைன் முகப்பில் இருந்தது ஒரே ஒரு வீடு. குழாய் போட வேண்டியது தண்ணி ஆபீஸ் என்பதால், தாள் முறைப்படி அங்கேதான் போயிற்று.

புது அட்டையோடு மறுபடி சுற்றினார்கள். இரண்டு முறையிலும் சூளை லைன் கடைசிக் குழுவில் விழுந்தது. குழாய்க்கு அனுமதி வந்த அன்று கணேசமூர்த்தி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாசாமி ஒரு பொட்டலம் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

லைன் முனையில் பெண்கள் காலி வாளிகளோடு நின்றிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் வழி விட்டு ஒதுங்கினார்கள். கொல்லைச் சுவர்க் குழாயின் கழுத்தில் கம்பி சுற்றி ஈய முத்திரை அடித்திருந்தது. மரியம் அம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு படியில் நின்றார்.

"வாங்க கிராணியாரே. ரெண்டு பேரு வந்தாங்க. உங்க பைப்புலேருந்து தண்ணி திருடுறாங்களா, நீங்க விக்கிறியளாண்டு கேட்டாங்க. என் மகன் வயசு பயலுவ."

"அக்கா, நான் அதுக்காகச் சொல்லல. லைனுக்குச் சொந்தமா பைப்பு வரணும்னு..."

"என் தண்ணி பத்தலேண்டு சொல்லியிருந்தா தாங்கிக்குவேன், தம்பி. பத்தாதுதான், எனக்குத் தெரியாதா? இல்லவே இல்லேண்டு எழுதிட்டியளே."

"உங்க தண்ணிய இல்லேன்னு சொல்லலக்கா. எங்களுக்கு இல்லேன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே." அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மைசூர்பாகுப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. எறும்பு வந்த பிறகு கமலவேணி அதைக் குப்பையில் போட்டாள்.

அனுமதி வந்ததே தவிர, மண் வெட்ட ஆள் வரவில்லை. கடைசிக் குழுவில் மற்ற இடங்களும் இருந்தன. லைனுக்கு முறை வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் தோண்டினால் குழியே நிற்காது, வெயில் அடித்ததும் பார்க்கலாம் என்றார்கள். அதுவரை கிணறு.

லைனில் அவரைக் கிராணி என்று கூப்பிடுவது நின்றது. கிண்டலும் நின்றது. "வராரு, பைப்பு" என்பார்கள், சிரிப்பதில்லை.

சீதாவுக்கு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். ஆண் பிள்ளை, நல்ல எடை, குரலும் நல்ல குரல். தகவல் போய் மாப்பிள்ளை இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனான். மூன்றாம் மாதத்தில் சீதாவுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றியது. புட்டிப் பாலுக்கு மாறினார்கள். புட்டிப் பாலுக்குத் தண்ணீர் வேண்டும்.

காய்ச்சினார்கள். விறகு ஈரம், ஊதி ஊதிக் கண்தான் எரிந்தது, அடுப்பு எரியவில்லை. கொதித்துவிட்டது என்று இறக்கிய தண்ணீர் கொதித்ததா என்று யாருக்குத் தெரியும்? புட்டியைக் கழுவியது கிணற்றுத் தண்ணீரில்.

"அக்கா வீட்டு அடுப்படியில கொழா இருக்குதானே? போயி ஒரு செம்பு கேளும்மா. அவுங்க இல்லேன்னு சொல்ல மாட்டாங்க" என்றாள் சீதா.

"சொல்ல மாட்டாங்கடி. அதான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்கறது? ஒங்கப்பனப் போகச் சொல்லு."

ஒரு வெள்ளிக்கிழமை அப்பாசாமி மூடி போட்ட ஒரு டின்னைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். மரியம் அம்மாள் வாசல் தாழ்வாரத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சைக்கிளின் கைப்பிடியில் டின் இடித்துச் சத்தம் போட்டது. அந்த அம்மாள் டின்னைப் பார்த்தார், அவரையும் பார்த்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"மழ விடுற மாதிரி தெரியல" என்றார் அப்பாசாமி.

"ஆமா."

"துணியெல்லாம் காய மாட்டேங்குது."

"எங்கே காயும்." அவர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். "பேரப்பிள்ள நல்லாருக்கா?"

"நல்லாருக்கு அக்கா." பேரனைப் பற்றிக் கேட்பவரிடம் வேறு என்ன சொல்வது? டின்னைக் காலியாகவே கொண்டு வந்தார். கமலவேணி அதை வாங்கி, ஆட்டிப் பார்த்து, மூலையில் வைத்தாள்.

அடுத்த வாரம் பிள்ளைக்குக் கழிய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது கண் உள்ளே போயிருந்தது, உச்சிக்குழி பள்ளமாக விழுந்திருந்தது. குரல்தான் கடைசியாகப் போயிற்று. சீதா அழவில்லை, காலிப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குக் கொண்டு வந்து கிடத்தியபோது லைன் முழுக்க வந்து நின்றது. பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும். யாரோ கிணற்றுப் பக்கம் வாளியை எடுத்துக்கொண்டு போனார்கள். கமலவேணி, "வேணாம், அந்தத் தண்ணி வேணாம்" என்றாள்.

அப்போது மரியம் அம்மாள் சந்தில் இறங்கி வந்தார். இரண்டு கையாலும் ஒரு பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி வந்தார். அந்த அம்மாள் லைனுக்குள் நடந்து வந்ததை யாரும் பார்த்ததில்லை. குடத்தை வாசலில் இறக்கினார்.

"கேட்டிருக்கலாமே கமலம்" என்றார்.

"நீங்க கூப்பிட்டுக் குடுத்திருக்கலாமேக்கா" என்றாள் கமலவேணி. கோபமில்லாமல்தான் சொன்னாள். பிறகு இரண்டு பேருமாகக் குனிந்து பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது. பிள்ளையைக் கிடத்தியிருந்த தட்டின் அடி தெரிந்தது. அப்பாசாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெயில் அடித்ததும் ஆட்கள் வந்தார்கள். சொன்ன வேலையை ஒழுங்காகவே செய்தார்கள். லைன் நடுவே சிமெண்டு மேடை, அதில் பளபளவென்று பித்தளைக் குழாய். திறந்த அன்று பொடிசுகள் தலையை நீட்டி நனைந்தன. கமலவேணி வரிசையில் நின்று தன் முறை வந்ததும் பிடித்தாள். பிடித்து வந்த முதல் வாளியை வீட்டுக்குள் கொண்டு போகாமல் வாசல் சேற்றில் கொட்டிவிட்டு, மறுபடி வரிசையில் போய் நின்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கணவனைத் தேடிப் பகாங்குக்கே போய்விட்டிருந்தாள் சீதா. காட்டுக் கொட்டகையானாலும் பரவாயில்லை என்றாள்.

மறுவருஷம் குழுக் கணக்கைப் புதுப்பிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கணேசமூர்த்தி அட்டைகளைக் கட்டுக் கட்டாக அவர் மேசையில் வைத்தார். சூளை லைன் அட்டையை மட்டும் தானே எடுத்து, கொஞ்சம் தயங்கி, நீட்டினார்.

"இதை வேற ஆள் சுத்தட்டுமே, அப்பாசாமி."

"இருக்கட்டும் ஐயா. நானே சுத்துறேன்."

பிள்ளை சாவுக் கணக்கு இன்னமும் பேட்டைக்கெல்லாம் சேர்த்தே இருந்தது. ஒரு பிள்ளை போனதால் அந்த எண் அசையவில்லை. தண்ணீர்க் கட்டத்தில் இருந்ததை அடித்துவிட்டு அவர் எழுதினார்: குழாய், எல்லா வீடும். போன வருஷம் முதல் ஆள் எழுதிவிட்டுப் போன அதே வார்த்தைகள். இந்தத் தடவை பொய் இல்லை.

கைப்பிடியைச் சுற்றினார். முதல் முறையில் சூளை லைன் டவுனோடு சேர்ந்தது. இரண்டாவது முறையிலும் டவுனோடு சேர்ந்தது.

"சண்டை உண்டோ?" என்று கணேசமூர்த்தி படத்தருகே நின்றபடி கேட்டார்.

"இல்லீங்க ஐயா" என்றார் அப்பாசாமி. பச்சை ஊசி ஒன்றை எடுத்து நீட்டிவிட்டு அடுத்த அட்டையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார்.